சமநிலையும் சூழ்நிலையும்

கூடுதலும் பிரிதலும் உலகத்துப் பொருள்களின் இயல்பு. பால் தயிராகின்றது; விறகு எரிந்து சாம்பராகின்றது; அரிசி வெந்து சோறாகின்றது. இம்மாற்றங்களுள் ஒன்றேனும் வந்த வழியே திரும்பிச் செல்வதில்லை. தயிரை மீண்டும் பாலாக்குவார் இலர். சாம்பரிலிருந்து விறகைப் பெறுவாரும் இலர். இத்தகையவற்றை மீளா வினைகள் என்பர். ஆயினும் எல்லா வினைகளும் இவ்வாறு ஒருவழிச் செல்வன அல்ல. கூடிய பொருள்கள் பிரிவதும், பிரிந்த பொருள்கள் மீண்டும் கூடுவதுமாகிய வினைகளும் பல உள்ளன. அவற்றை மீள்வினைகள் என்பர். சுவரிற் பூசும் சுண்ணாம்பிலும், வேட்கை தணிக்கும் சோடா நீரிலும், வயலில் இடும் உரத்திலும் இம்மீள்வினைகள் நிகழ்கின்றன. இன்று உலகில் வாழும் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு, ஒரு மீள்வினையை மனிதன் தன் கருத்திற்கேற்பத் திருப்பக் கற்றுக்கொண்டதன் பயனாக விளைவது என்று அறிஞர் கணக்கிடுவர். ஆதலின் அவ்வினைகளின் இயல்பை அறிதல் கற்பவர் கடமையாகும்.

பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் நவச்சாரம் என்னும் வெண்ணிறப் பொருளைக் கையாள்வர். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவினால் வெண்புகை எழுவதைத் தெருவில் நின்று கண்டவர் பலர். அந்நவச்சாரத்தைச் சிறிதளவு சோதனைக் குழாயில் இட்டு அடியிற் சூடேற்றினால், அடியிலுள்ள பொருள் மெல்ல மறையும். மறைந்த பொருள் அழிந்துபோகவில்லை. குழாயின் மேற்பகுதியில், சூடு எட்டாத இடத்தில், வெண்படலமாக அது மீண்டும் தோன்றும். நவச்சாரம் வெப்பத்தினால் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் இரு வாயுக்களாகப் பிரிகின்றது. அவ்விரண்டும் குளிர்ந்த இடத்தை அடைந்ததும் கூடி மீண்டும் நவச்சாரமாகின்றன. ஒரே குழாயில் அடியில் பிரிவும் முடியில் கூட்டமும் நிகழ்வதனால், மீள்வினைக்கு இதனைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

இனி, ஒரு மீள்வினை மூடிய கலத்தினுள் நிகழுமாயின் அதன் முடிவு யாதாகும்? தொடக்கத்தில் முன்வினை விரைந்து நடக்கும். விளைபொருள் பெருகப் பெருகப் பின்வினையும் வலுப்பெறும். பின்னர் ஒரு நிலையில் இரண்டின் விரைவும் ஒத்துவிடும். அதற்குமேல் எப்பொருளின் அளவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதுவே வேதிச் சமநிலை எனப்படுவது. வெளியிலிருந்து நோக்குவார்க்குக் கலத்தினுள் யாதும் நிகழவில்லை என்று தோன்றும். உண்மையிலோ இரு வினைகளும் இடைவிடாது நடந்துகொண்டே இருக்கின்றன. சமநிலை என்பது ஓய்வன்று. ஒத்த இரு முயற்சிகளின் நிலையாகும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். சென்னையில் சைதாப்பேட்டையையும் கிண்டியையும் இணைத்து அடையாற்றின்மேல் நிற்பது மறைமலையடிகள் பாலம். 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் இவ்விடத்தில் பாலம் கட்டுவித்தார். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அது மறைந்து, அதன் இடத்தில் இன்றைய பாலம் நிற்கின்றது. இப்பாலத்தின் வடகரையில் 1,500 பேர் கூடியுள்ளனர் என்று கொள்க. வடகரையில் உள்ளவருள் இருபதில் ஒருவர் ஒவ்வொரு நிமிடத்திலும் தென்கரைக்குச் செல்கின்றனர். தென்கரையில் உள்ளவருள் பத்தில் ஒருவர் ஒவ்வொரு நிமிடத்திலும் வடகரைக்குத் திரும்புகின்றனர். முதல் நிமிடத்தில் 75 பேர் செல்வர். திரும்புவார் ஒருவரும் இலர். நேரம் செல்லச் செல்ல, செல்வார் தொகை குறையும். திரும்புவார் தொகை பெருகும். இறுதியில் வடகரையில் 1,000 பேரும் தென்கரையில் 500 பேரும் நிற்பர். அப்பொழுது செல்வாரும் 50 பேர். திரும்புவாரும் 50 பேர். பாலத்தின்மேல் நடமாட்டம் ஒழியவில்லை. ஆயினும் இரு கரைகளிலும் மக்கள் தொகை மாறவில்லை. இவ்வுவமையில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. சமநிலை என்றால் இரு பக்கத்துப் பொருள்களும் அளவில் சமமாதல் வேண்டும் என்பதில்லை. இரு வினைகளின் விரைவே சமமாதல் வேண்டும்.

இவ்வாறு அமைந்த சமநிலையைக் கலைத்தால் என்ன நிகழும்? மாம்பலத்திலிருந்து மேலும் 300 பேர் வடகரையை வந்தடைந்தனர் என்று கொள்க. இப்பொழுது வடகரையில் 1,300 பேர் உள்ளனர். ஆதலால் நிமிடத்திற்கு 65 பேர் செல்வர். 50 பேரே திரும்புவர். மக்கள் தென்கரையில் மிகத் தொடங்குவர். வடகரையில் 1,200 பேரும் தென்கரையில் 600 பேரும் ஆகும்பொழுது இருபுறமும் 60 பேராக ஒத்து, புதியதொரு சமநிலை பிறக்கும். வடகரையில் புதிதாக மிகுந்தவர் 300 பேர். அம்மிகுதி 200ஆகக் குறைந்தது. ஆனால் முற்றும் நீங்கிவிடவில்லை. வெளியிலிருந்து நேர்ந்த மாற்றத்தை ஓரளவு குறைக்கும் திசையில் சமநிலை தானே நகர்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

வேதிவினைகளும் இவ்வாறே நடக்கும் என்பதை அறிஞர் ஒரே நாளில் கண்டுகொண்டாரல்லர். நெப்போலியன் 1798ஆம் ஆண்டில் எகிப்தின்மீது படையெடுத்தபொழுது அவருடன் சென்ற பெர்த்தோலே என்னும் பிரெஞ்சு வேதியியலார், அந்நாட்டு உப்பேரிகளின் கரையில் சோடியம் கார்பனேட்டு படிந்திருப்பதைக் கண்டார். சோதனைச் சாலையில் நிகழும் வினை அங்கே தலைகீழாக நிகழ்ந்திருந்தது. பொருள்களின் அளவு மிகுந்தால் வினையின் திசையே மாறக்கூடும் என்று அவர் உணர்ந்தார். பின்னர் 1864ஆம் ஆண்டில் நார்வே நாட்டினராகிய குல்டுபர்க், வாகே என்னும் இருவர் பொருள்களின் செறிவிற்கும் வினைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கு வடிவில் உரைத்தனர். செறிவு, அழுத்தம், வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரே விதியுள் அடக்கிய பெருமை பிரான்சு நாட்டு லெ சாட்டலியே என்பவரைச் சாரும். அவர் அவ்விதியை வெளியிட்டது 1884ஆம் ஆண்டில். சமநிலையில் உள்ள அமைப்பு ஒன்றின் சூழ்நிலையை மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் அச்சமநிலை நகரும் என்பதே அவ்விதி.

இவ்விதியை அறியாமையால் நேர்ந்த பொருட்சேதத்தை லெ சாட்டலியே எடுத்துக் காட்டினார். ஊதுலையில் இரும்புக் கனிமத்தைக் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இரும்பாக்குகின்றது. உலையின் வாயிலிருந்து இவ்வாயுவிற் பெரும்பகுதி வீணே வெளியேறக் கண்ட ஆலையார், கனிமத்தோடு வாயு நெடுநேரம் கலந்திருக்கவில்லை என்று எண்ணினர். அதனால் பெரும்பொருள் செலவிட்டு உலைகளை மேன்மேலும் உயர்த்திக் கட்டினர். வாயுவோ முன்போலவே வெளியேறியது. அவ்வினை மீள்வினை, சமநிலை எய்தியபின் எத்துணை உயரமான உலையும் அதனை முன்னே தள்ளமாட்டாது. சூழ்நிலையை மாற்றாமல் காத்திருப்பதனால் மட்டும் பயன் இல்லை என்பது இதன் கருத்து.

இனி மூவகைச் சூழ்நிலைகளையும் ஒவ்வொன்றாகக் காண்க. முதலாவது வெப்பம். மீள்வினையில் ஒரு திசை வெப்பத்தை வெளிவிடும். எதிர்த்திசை வெப்பத்தை உட்கொள்ளும். வெப்பத்தை மிகுத்தால், அதனை உட்கொள்ளும் திசையில் சமநிலை நகரும்; குறைத்தால் வெளிவிடும் திசையில் நகரும். நவச்சாரம் பிரியும்பொழுது வெப்பத்தை உட்கொள்ளும். ஆதலின் சூட்டில் பிரிகின்றது. கூடும்பொழுது வெப்பத்தை வெளிவிடும். ஆதலின் குளிர்ச்சியில் கூடுகின்றது.

இரண்டாவது அழுத்தம். இது வாயுக்கள் உள்ள இடத்தே பெரிதும் செயற்படும். கோலி சோடாவை அறியாத சிறுவர் தமிழ்நாட்டில் இலர். அப்புட்டியினுள் கரியமில வாயு மிகுந்த அழுத்தத்துடன் நீரில் கரைந்துள்ளது. வாயுவின் அழுத்தமே கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுகப் பொருத்தி வைக்கின்றது. மூடிய நிலையில், நீரை விட்டு வெளியேறும் வாயுவும் நீரிற் கரையும் வாயுவும் ஒத்த அளவின. கோலியை உள்ளே தள்ளியவுடன் அழுத்தம் திடீரெனக் குறைகின்றது. அக்குறையை நிரப்புவதுபோல், கரைந்துள்ள வாயு நீரினின்று வெளிப்பட்டு நுரை பொங்குகின்றது. வெயிலிற் கிடந்த புட்டியைத் திறந்தால் நுரை மிகப் பொங்குவதும், பனிக்கட்டியில் இருந்த புட்டியைத் திறந்தால் பொங்குதல் அடங்கியிருப்பதும், வெப்பமும் உடன் செயற்படுவதைக் காட்டும். வாயுக்களிடையே நிகழும் வினையிலும் இவ்விதியே ஆட்சி செய்யும். அழுத்தத்தை மிகுத்தால், வாயுக்களின் கன அளவு குறையும் திசையில் சமநிலை நகரும்.

மூன்றாவது செறிவு. வினைபுரியும் பொருளை மிகுதியாகச் சேர்த்தாலும், விளைபொருளை அவ்வப்பொழுது அகற்றினாலும் வினை முன்னோக்கிச் செல்லும். இதற்குச் சுண்ணாம்புக் காளவாய் சிறந்த சான்று. சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுடுவது பழந்தொழில். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். மூடிய கலத்தில் சுட்டால் வாயு வெளியேற வழியின்றி, சிறிது பிரிந்த அளவிலே வினை சமநிலையில் நின்றுவிடும். காளவாயோ மேலே திறந்தது. கீழிருந்து எழும் காற்று கரியமில வாயுவை உடனுக்குடன் கொண்டு செல்லும். திரும்பிக் கூடுவதற்குத் துணையில்லாமையால் கிளிஞ்சல் முழுவதும் சுண்ணாம்பாகிவிடும். அச்சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கார்பனேட்டாக இறுகும். சலவைக்கல் போலப் பளபளப்பதென்று முற்காலத்தில் அயல்நாட்டாரும் வியந்த சென்னைச் சுண்ணப்பூச்சு, கடலிற் பிறந்த கிளிஞ்சல் தன் பழைய நிலைக்குத் திரும்பிய உருவமே ஆகும்.

இம்மூன்றோடு சேர்த்து எண்ணத்தகாதது வினையூக்கி. வினையூக்கி வினையை விரைவுபடுத்தும். சமநிலையின் இடத்தை மாற்றாது. பாலத்து மக்கள் நடப்பதை விட்டுப் பேருந்தில் ஏறிச் செல்லத் தொடங்கினால், செல்வாரும் திரும்புவாரும் ஒரே அளவில் விரைவர். அவ்வாறு விரைந்தாலும் முடிவில் நிற்பவர் வடகரையில் 1,000 பேரும் தென்கரையில் 500 பேருமே. அந்நிலையை விரைவில் எய்துவர் என்பதே வேறுபாடு.

செறிவு, அழுத்தம், வெப்பம், வினையூக்கி ஆகிய நான்கும் ஒருங்கே கூடி மனித வாழ்வை மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு நிலத்தின் பசியில் தொடங்குகின்றது. 1868ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. பயிர்த்தொழிலைப் பள்ளியில் வைத்துக் கற்பிப்பது அந்நாளில் புதுமை. அப்பள்ளி 1906ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றது. அம்மரபிலேயே 1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. சைதாப்பேட்டையில் பள்ளி தோன்றிய அதே 1868ஆம் ஆண்டில், செருமானிய நாட்டின் பிரெசுலவ் நகரில் பிரிட்சு ஹேபர் என்னும் குழந்தை பிறந்தது. வேளாண்மை நூலார் எக்காலத்தும் ஆராய்ந்துவந்த ஒரு குறைக்கு, இக்குழந்தை வளர்ந்து ஆய்வுச் சாலையிலிருந்து விடை கண்டது.

அக்குறை யாதெனில், நைட்ரஜன் பற்றாமை. பயிரின் வளர்ச்சிக்கு நைட்ரஜன் இன்றியமையாதது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே நிறைந்துள்ளது. ஆயினும் நெற்பயிர் அதனை நேரே கொள்ளமாட்டாது. மண்ணில் உப்பாகக் கரைந்திருப்பதையே வேரால் உறிஞ்சும். கடலின் நடுவே நின்று நீர்வேட்கையால் வருந்துவான் நிலைபோன்றது பயிரின் நிலை. தொழுவுரம் இடுதலும், சணப்பு, கொழுஞ்சி முதலிய தழைகளை மடக்கி உழுதலும், பயறு வகைகளை மாற்றுப் பயிராக விதைத்தலும் தமிழக உழவர் கண்ட வழிகள். பயற்றஞ்செடிகளின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்று நைட்ரஜனைப் பயிர்க்கு உதவும் பொருளாக மாற்றுகின்றன. மக்கள் தொகை பெருகியபொழுது இவ்வழிகள் மட்டும் போதவில்லை. ஐரோப்பியர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டு வெடியுப்பைக் கப்பல் கப்பலாகக் கொணர்ந்து வயலில் இட்டனர். 1898ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்சு என்னும் ஆங்கில அறிஞர், அவ்வுப்பு தீர்ந்துபோனால் உணவுப் பஞ்சம் நேரும் என்றும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேதியியலார் கைப்பற்றுதலே அதற்கு மருந்து என்றும் எச்சரித்தார்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டினால் அம்மோனியா பிறக்கும். அதிலிருந்து உரங்கள் செய்யலாம். ஆனால் அதுவும் ஒரு மீள்வினை. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடி, கன அளவில் இரண்டு பங்கு அம்மோனியாவாகும். கூடும்பொழுது வெப்பம் வெளிப்படும். நான்கு பங்கு இரண்டாகச் சுருங்குவதனால், அழுத்தத்தை மிகுத்தல் வேண்டும். வெப்பம் வெளிப்படுவதனால், வெப்பத்தைக் குறைத்தல் வேண்டும். லெ சாட்டலியே கூறிய விதியிலிருந்து இவ்விரண்டும் எளிதிற் பெறப்படும். அவரே 1901ஆம் ஆண்டில் இவ்வாயுக்களை மிகுந்த அழுத்தத்தில் கூட்ட முயன்றார். கலத்தினுள் காற்று கலந்திருந்தமையால் கருவி வெடித்தது. அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். வெற்றி அணித்தே இருக்கக் கைவிட்டோமே என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார்.

இடர்ப்பாடு வெடிப்பு ஒன்றே அன்று. விதி ஒன்றைச் சொல்ல, வினையின் விரைவு வேறொன்றைக் கேட்டது. 200 வளிமண்டல அழுத்தமும் 200 பாகை செல்சியஸ் வெப்பமும் இருக்குமாயின், சமநிலையில் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பங்கு அம்மோனியா இருக்கும். 400 பாகையில் அது 36 பங்காகவும், 500 பாகையில் 18 பங்காகவும் குறைந்துவிடும். எனவே குளிர்ச்சியே நன்று என்று தோன்றும். ஆனால் நைட்ரஜனின் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்தவை. குறைந்த வெப்பத்தில் அப்பிணைப்பு நெகிழாது. சமநிலை எய்த எல்லையற்ற காலம் ஆகும். வெப்பத்தை மிகுத்தால் வினை விரையும், விளைவோ குறையும். குறைத்தால் விளைவு மிகும்; வினையோ உறங்கிவிடும். அழுத்தமும் மிக வேண்டும்: 400 பாகையில் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கிடைப்பது நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு, 100 மடங்கு அழுத்தத்தில் அது 25 பங்காக உயரும். அத்துணை அழுத்தத்தையும் சூட்டையும் ஒருங்கே தாங்கும் கலங்கள் அந்நாளில் இல்லை.

ஹேபர் இயற்கையோடு மாறுபட்டு நிற்கவில்லை. அதன் போக்கை அறிந்து உடன்பட்டுச் சென்றார். இடைப்பட்ட வெப்பத்தைக் கொண்டார், அழுத்தத்தை மிகுத்தார், விரைவிற்கு ஓஸ்மியம் என்னும் அரிய உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டார். எஞ்சிய குறையைச் செறிவினால் நிரப்பினார். கலத்திலிருந்து வெளிவரும் கலவையைக் குளிர்வித்து, அம்மோனியாவை மட்டும் நீர்மமாக்கிப் பிரித்தார். கூடாது நின்ற வாயுக்களை மீண்டும் கலத்திற்கே செலுத்தினார். காளவாயில் கரியமில வாயு அகல்வதனால் வினை முன்செல்வது போலவே, இங்கு அம்மோனியா அகல்வதனால் வினை முன்சென்றது. ஒரு முறை செல்லும்பொழுது சிறுபங்கே கூடினாலும், பன்முறை சுற்றிவரும்பொழுது வாயுக்கள் ஏறத்தாழ முழுவதும் அம்மோனியாவாகிவிடும். 1909ஆம் ஆண்டில் செருமனியின் கார்ல்சுரூவே நகரில் அவர் கருவியிலிருந்து அம்மோனியா துளித்துளியாகச் சொட்டியது.

துளியை வெள்ளமாக்கியவர் கார்ல் போஷ் என்னும் பொறியியலறிஞர். ஹைட்ரஜன் எஃகிலுள்ள கரியைக் கவர்ந்து கலங்களை வெடிக்கச் செய்தது. போஷ், உட்புறம் மெல்லிரும்பும் வெளிப்புறம் துளைகளுடைய எஃகும் அமைத்து அவ்விடரை வென்றார். மிட்டாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, ஓஸ்மியத்திற்கு ஈடாக மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டார். 1913ஆம் ஆண்டில் ஓப்பாவ் என்னும் ஊரில் முதல் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபர் 1918ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசையும், போஷ் 1931ஆம் ஆண்டில் அப்பரிசையும் பெற்றனர்.

அறிவு இருமுனைக் கூர்வாள் என்பதற்கும் இவ்வரலாறே சான்று. முதல் உலகப் போரில் அவ்வாலையின் அம்மோனியா வெடிமருந்தாகவும் மாறியது. 1915ஆம் ஆண்டில் பெல்சிய நாட்டின் ஈப்பர் போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுவை ஏவும் செயலை முன்னின்று நடத்தியவரும் ஹேபரே. கோடானுகோடி மக்களுக்கு உணவு தந்த கையே உயிர்களை வதைக்கவும் முற்பட்டது. யூத குலத்திற் பிறந்த அவர், இட்லரின் ஆட்சியில் 1933ஆம் ஆண்டு தம் நாட்டை விட்டு நீங்கி, மறு ஆண்டு அயல்நாட்டில் உயிர் நீத்தார்.

ஹேபர் கண்ட முறை சென்னைக்கும் வந்தது. சைதாப்பேட்டைக்கு வடக்கே, மாநகரின் வடகோடியில் உள்ள மணலியில் 1966ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் நிறுவனம், 1971ஆம் ஆண்டில் உர உற்பத்தியைத் தொடங்கியது. சைதாப்பேட்டைப் பள்ளியின் வழிவந்த கல்விநிலையம் பல்கலைக்கழகமான ஆண்டும் அதுவே. அம்மோனியாவிலிருந்து செய்யப்படும் யூரியா தமிழக வயல்களுக்குச் செல்கின்றது. இத்தகைய ஆலைகளைக் காப்போர் கண் இமைத்தல் கூடாது. 2023ஆம் ஆண்டு திசம்பரில் எண்ணூர்க் கடலடிக் குழாயொன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, சூழ இருந்த ஊர்களில் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். பயிரை வாழ்விக்கும் பொருளே காவல் தவறினால் உயிரை வருத்தும்.

சமநிலை விதி ஆலையோடு முடிந்துவிடவில்லை; உழவனின் வயலிலும் அது தொடர்கின்றது. யூரியா மண்ணில் அம்மோனியம் உப்பாக மாறும். ஈரமண்ணில் அவ்வுப்பிற்கும் அம்மோனியா வாயுவிற்கும் இடையே ஒரு சமநிலை நிலவும். மண்ணில் காரத்தன்மை மிகுந்தாலும், வெயில் சுட்டாலும் சமநிலை வாயுவின் பக்கம் நகரும். காற்று அவ்வாயுவைக் கொண்டு செல்லச் செல்ல, மேலும் வாயு பிறக்கும். கிளிஞ்சற் காளவாயில் நன்மை செய்த அதே நிகழ்ச்சி இங்கே கேடு செய்கின்றது. உழவன் விலை கொடுத்து வாங்கிய உரம் அவன் கண்ணுக்குத் தெரியாமலே காற்றோடு போகின்றது. அதனால்தான் உரத்தை ஒரே முறையில் கொட்டாமல் பல முறையாகப் பிரித்து இடவேண்டும் என்றும், மேலே தூவி விடாமல் மண்ணோடு கலக்கவேண்டும் என்றும் வேளாண்மை நூலார் அறிவுறுத்துகின்றனர். அம்மோனியம் சல்பேட்டையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கலந்து இடலாகாது என்பதற்கும் காரணம் இதுவே. நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தேய்த்து முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். வயலில் வீணாவது அந்நெடியே.

ஈயம் பூசுவோன் கையிலுள்ள நவச்சாரமும், கடைத்தெருவில் விற்கும் சோடாவும், கடற்கரைக் காளவாயும், மணலி ஆலையும், உழவன் வயலும் ஒரே விதிக்கு உட்பட்டவை. சூழ்நிலை மாறினால் சமநிலை மாறும்; அம்மாற்றம் எத்திசையது என்பதை முன்னரே அறியலாம். அறியாதவர் உலையை உயர்த்திக் கட்டிப் பொருளை இழந்தனர். அறிந்தவர் காற்றிலிருந்து உணவை விளைவித்தனர். இயற்கையை வருத்தி ஏவல் கொள்ளுதல் எவர்க்கும் இயலாது. அதன் நெறியை அறிந்து, வேண்டிய திசையில் அது தானே செல்லுமாறு சூழ்நிலையை அமைத்துக் கொடுத்தலே மனிதன் செய்யத்தக்கது. வயலுக்குச் செல்லும் உழவனும், ஆலைக்குச் செல்லும் தொழிலாளியும், ஆய்வுச் சாலைக்குச் செல்லும் மாணவனும் இவ்வுண்மையை அறிந்திருப்பார்களாயின், பொருளும் வீணாகாது. உயிருக்கும் ஊறு நேராது. நாடு நலம் பெறும்.